அரை நொடித் தாமதமும் ஒற்றைப் புள்ளியும்

எக்ஸ்-இசட் என்ற மென்பொருளுக்குள் யாரோ ரகசிய நுழைவழி ஒன்றை ஒளித்துவைத்திருந்தது 2024-இல் அம்பலமானது. அந்தப் பின்கதவு விவகாரத்தைப் படித்துவிட்டு ஓர் இளம் பொறியாளர் இப்படிக் கேட்டிருந்தார்: "எதையும் ஹேக் செய்துவிடலாம் என்றாகிவிட்ட பிறகு, முகம் தெரியாத யாரோ எழுதிய நிரலை நம்முடைய சர்வரில் ஓடவிடுவது என்ன நியாயம்? யாரையும் நம்புவதில்லை என்பதையே கொள்கையாக வைத்துக்கொண்டால் என்ன?"

அந்தக் கொள்கையை ஒரு நாள்கூடக் கடைப்பிடிக்க முடியாது என்பதுதான் என் பதில். இந்தக் கேள்வியை நீங்கள் தட்டச்சு செய்த கருவியின் உள்நிரலையும், அதை எனக்குக் கொண்டுவந்து சேர்த்த அத்தனை இயந்திரங்களின் மென்பொருளையும் யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் உங்களுக்குத் தெரியாது. நம்பிக்கை இல்லாமல் வாழ வழியில்லை. ஆனால் அது எங்கே போய்க் குவிந்திருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். ஒரே ஆளின் தலையில் இறங்கியிருந்தால் அதைப் பிரித்துப் பலர் தோளில் ஏற்றலாம். நீங்கள் குறிப்பிட்ட விவகாரமே இதற்குப் போதுமான சான்று என்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். செய்திகளில் பெரிதாக வந்தது அதன் கடைசி வாரம்தான். விஷயம் இருப்பதோ அதற்கு முந்தைய இரண்டரை ஆண்டுகளில்.

எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அதன் நூலகம் (பிற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுதி) இருக்கும்; இருப்பது அந்தக் கணினியின் சொந்தக்காரருக்கே தெரியாது. பின்லாந்தைச் சேர்ந்த லஸ்ஸே காலின் என்பவர் அதைப் பல ஆண்டுகளாக, சம்பளம் எதுவுமின்றி, தன் சொந்த நேரத்தில் பராமரித்து வந்தார். 2021 அக்டோபரில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அந்தத் திட்டத்துக்குச் சிறிய திருத்தம் ஒன்றை அனுப்பினார். அதில் தவறேதும் இல்லை. அதன்பின் அனுப்பியவற்றில் பெரும்பாலானவையும் உருப்படியான வேலைகளே.

2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை, திட்டத்தின் மின்னஞ்சல் குழுவில் ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் என்ற பெயர்களில் புகார்கள் வரத் தொடங்கின. திருத்தங்கள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன, பராமரிப்பவருக்கு ஆர்வம் போய்விட்டது, வேறொருவரிடம் ஒப்படைத்தால்தான் இது உருப்படும் என்பது அவற்றின் சாரம். (இவற்றில் முதலாவது நம் நாட்டுப் பெயராக இருப்பதால் இந்தியத் தொடர்பு உண்டா என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உண்மையில் எந்த மனிதரும் இருந்ததாகத் தெரியவில்லை. பெயரை வைத்து ஊரைத் தேடுவதில் பயனில்லை.) காலின் 2022 ஜூனில் பதில் எழுதினார். தனக்கு ஆர்வம் போகவில்லை, நீண்டகால மனநலச் சிக்கல்களாலும் வேறு சில காரணங்களாலும் முன்போல் கவனிக்க முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் மறந்துவிட வேண்டாம் என்றார். ஜியா டான் வருங்காலத்தில் பெரிய பொறுப்பை ஏற்கக்கூடும் என்றும் அதே மடலில் குறிப்பிட்டார்.

என்னைப் பொறுத்தவரை உடைப்பு நிகழ்ந்தது இந்த இடத்தில்தான். யாரும் எந்தப் பூட்டையும் நெம்பவில்லை. களைத்துப்போன ஒருவரை இரண்டு பேர் விரட்ட, மூன்றாமவர் கைகொடுக்க வந்தவர்போல் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அந்தப் போலிப் பெயர்களில் வந்த மடல்களை அன்று யாரும் சந்தேகிக்காததற்குக் காரணம், உண்மையான பயனர்களும் அப்படித்தான் எழுதுவார்கள் என்பதே. நானும் எழுதியிருக்கிறேன். இலவசமாகக் கிடைத்த ஒரு நூலகத்தில் எனக்கு வேண்டிய திருத்தம் வரவில்லை என்று, "இந்தத் திட்டம் உயிரோடுதான் இருக்கிறதா?" என்று ஒருமுறை கேட்டு வைத்தேன். அந்த வரியையும் ஜிகர் குமார் என்ற முகமூடி எழுதிய வரிகளையும் பக்கத்தில் வைத்தால் எது போலி என்று என்னாலேயே சொல்ல முடியாது. நம்முடைய அன்றாட மரியாதைக் குறைவுதான் அவர்களுக்கு மறைவிடமாக இருந்தது.

2023-இல் ஜியா டான் புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமை உள்ளவராகிவிட்டார். 2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0 பதிப்பும், மார்ச் 9 அன்று 5.6.1 பதிப்பும் வெளிவந்தன. பின்கதவு இவற்றில்தான் இருந்தது. அதை ஒளித்து வைத்த விதம் கைதேர்ந்த வேலை. சுருக்கும் மென்பொருள் கெட்டுப்போன கோப்புகளையும் சரியாகக் கையாள்கிறதா என்று சோதிப்பதற்காக, வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட கோப்புகள் திட்டத்தில் இருப்பது இயல்பு. அவற்றைத் திறந்து படிப்பவர் யாரும் இல்லை; படித்தாலும் புரியாது. தீங்கு நிரலை இரண்டு சோதனைக் கோப்புகளுக்குள் புதைத்திருந்தார்கள். அதைத் தோண்டியெடுத்து நூலகத்தோடு சேர்க்கும் சில வரிகள், எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டிய பொதியில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தை வரி விடாமல் படித்தவர் கண்ணிலும் அது படாது. லினக்ஸைப் பிற மென்பொருள்களோடு தொகுத்து வழங்கும் விநியோகங்கள் எடுத்துக் கட்டியதோ, அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் மென்பொருளாக மாற்றியதோ, அந்தப் பொதியை.

இலக்கு எக்ஸ்-இசட் அல்ல. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உலகமே பயன்படுத்தும் ஓப்பன்-எஸ்எஸ்ஹெச்தான் இலக்கு. அதை எழுதுபவர்கள் எக்ஸ்-இசட் நூலகத்தைப் பயன்படுத்துவதே இல்லை. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்கள், சேவை தொடங்கிவிட்டது என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்-டி-க்குத் தெரிவிப்பதற்காக அதன் நிரலில் ஒரு சிறு ஒட்டுப் போட்டிருந்தன. அந்த ஒட்டு சிஸ்டம்-டி-யின் நூலகத்தை இழுத்துவந்தது, அது எக்ஸ்-இசட் நூலகத்தை இழுத்துவந்தது. இப்படியொரு சங்கிலியை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. அது இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் தாக்க வந்தவர்கள் மட்டுமே. குறிப்பிட்ட ஒரு ரகசியச் சாவியை வைத்திருப்பவர் கடவுச்சொல் எதுவுமில்லாமல் அந்த சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம் என்பதே பின்கதவின் பயன். இந்தக் குறைபாட்டுக்குப் பின்னர் கொடுத்த அபாய மதிப்பெண் 10-க்கு 10.

இன்னொரு சிறு வேலையும் நடந்தது. எனக்கு அதுதான் மறக்க முடியாதது. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வேலி லினக்ஸில் உண்டு. ஒரு நிரல் தன் வேலைக்குத் தேவையில்லாத கோப்புகளைத் தொடாதபடி அது தடுக்கும். அந்த வசதி கணினியில் இருக்கிறதா என்று அறிய, எக்ஸ்-இசட்டைக் கட்டும்போது ஒரு குட்டிச் சோதனை நிரலைக் கட்டிப் பார்ப்பார்கள். அது கட்டமைந்தால் வேலி உண்டு, பிழை வந்தால் இல்லை என்று கொள்வார்கள். 2024 பிப்ரவரி இறுதியில் ஜியா டான் அந்தக் குட்டி நிரலுக்குள் ஒரு வெற்று வரியில் ஒற்றைப் புள்ளி வைத்தார். புள்ளி இருப்பதால் அந்த நிரல் எந்தக் கணினியிலும் கட்டமையாது. ஆகவே அந்த வழியில் கட்டினால் வேலி ஒருபோதும் இயங்காது. திருத்தங்களைத் திரையில் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தூசி ஒட்டியதுபோல் தெரிந்திருக்கும்.

இத்தனையும் அரை நொடியால் அம்பலமானது. ஆண்ட்ரேஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர்; மைக்ரோசாஃப்டில் பணி. தரவுத்தளத்தின் வேகத்தை நுட்பமாக அளப்பதற்காகத் தன் கணினியில் வேறு சத்தமே இல்லாதபடி அமைதிப்படுத்திக்கொண்டிருந்தபோது, உள்நுழைவுச் சேவையான ஓப்பன்-எஸ்எஸ்ஹெச் எதிர்பாராத அளவு சிபியூவைத் தின்பதைக் கவனித்தார். இல்லாத பயனர்பெயரில் யாராவது தட்டினால் உடனே விரட்டிவிட வேண்டிய சேவை அது. அளந்து பார்த்தார்: முன்பு சுமார் 0.3 நொடி பிடித்த வேலைக்கு இப்போது 0.8 நொடி. நேரம் எங்கே போகிறது என்று துருவியபோது அது ஒரு சுருக்க நூலகத்துக்குள் போனது. சில வாரங்களுக்கு முன் தானியங்கிச் சோதனையில் அதே நூலகத்தைப் பற்றி வந்த ஒரு விநோதமான எச்சரிக்கை அவர் நினைவுக்கு வந்தது. டெபியனின் பொதிதான் கெட்டிருக்கிறது என்று முதலில் நினைத்தவர், மூலமே கெட்டிருப்பதைக் கண்டுபிடித்து, முதலில் டெபியன் பாதுகாப்புக் குழுவிடம் சொல்லி, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்.

அன்று புனித வெள்ளி. நம் நேரப்படி இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. நான் பணிபுரிந்த இடத்தின் சர்வர்களில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பழைய பதிப்பு. பெருமைப்பட ஒன்றுமில்லை, புதுப்பிக்காமல் தள்ளிப்போட்டிருந்தோம், அவ்வளவுதான். டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் பின்கதவு அப்போது போய்ச் சேர்ந்திருக்கவில்லை. சோதனை நிலையிலிருந்த வெளியீடுகளோடு நின்றுவிட்டது. உபுண்டு என்ற விநியோகத்தின் 24.04 வெளியீட்டுக்கான முன்னோட்டப் பதிப்பை ஒரு வாரம் தள்ளிவைத்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். இன்னும் சில மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருந்தால் நிலைமை வேறு.

நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் விடும் திறமூல உலகில் ஒரு பேச்சு உண்டு: பார்க்கும் கண்கள் பலவாக இருந்தால் பிழை ஒளிய இடமில்லை என்று. இந்தக் கதையை அதற்குச் சான்றாகக் காட்டுபவர்களும் உண்டு, அதைப் பொய்யாக்கியதாகக் காட்டுபவர்களும் உண்டு. நான் இரண்டு பக்கத்திலும் சேரவில்லை. கண்கள் பலவாக இருந்தது உண்மையல்ல. அந்த நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவை இரண்டு ஜோடிக் கண்கள், அவற்றில் ஒன்று திருடனுடையது. அதே சமயம், வேறொரு வேலையாக இருந்த ஒருவர் யார் அனுமதியும் கேட்காமல் நூலகத்தின் வயிறு வரை இறங்கிப் பார்க்க முடிந்ததும் உண்மை. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால், அரை நொடித் தாமதம் பற்றி ஒரு புகார்ச் சீட்டு போட்டுவிட்டுக் காத்திருந்திருப்போம்.

தனியாள் தலையில் உலகப் பாரம் ஏறுவது இதில் மட்டுமல்ல. 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, இணைய வணிகமே சார்ந்திருந்த, தகவல்களை மறையாக்கிப் பாதுகாக்கும் ஓப்பன்-எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறத்தாழ 2000 டாலர் என்பதும், முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர் என்பதும் தெரியவந்தன. 2018-இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை அதன் ஆசிரியர், தனக்கு இனி அதில் வேலையில்லை என்பதால், கேட்டுவந்த ஒருவரிடம் கொடுத்தார். வாங்கியவர் பிட்காயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்துத் தீங்கு நிரலைச் சேர்த்தார். எக்ஸ்-இசட்டுக்கான ஒத்திகை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

இனி "யாரையும் நம்பாதே" என்பதற்கு வருகிறேன். ஜீரோ டிரஸ்ட் என்ற சொல் ஃபாரஸ்டர் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜான் கிண்டர்வாக் 2010-இல் பரப்பியது. அலுவலக வலைப்பின்னலுக்குள் இருக்கிறது என்பதற்காகவே ஒரு கணினிக்குக் கதவைத் திறந்துவிடாதே, ஒவ்வொரு முறையும் அடையாளம் கேள் என்பதே அதன் பொருள். நல்ல கொள்கைதான். ஆனால் அது மனிதர்களை நம்பாதே என்று சொல்லவில்லை. அடையாளம் கேட்கும் மென்பொருளை எழுதியவரை நம்பித்தான் அதுவும் நிற்கிறது. இந்த முடிச்சை யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-லேயே, டூரிங் விருது உரையில் காட்டிவிட்டார். மூல நிரல் முழுக்கச் சுத்தமாக இருந்தாலும், அதைக் கட்டும் கம்பைலர் பின்கதவைச் சேர்க்கலாம். அந்தக் கம்பைலரின் மூலமும் சுத்தமாக இருக்கும்படி, தன்னைத் தானே கட்டும்போது அந்தத் திருட்டை அது வாரிசாகக் கொடுத்துக்கொண்டே போகலாம். சோதித்துக்கொண்டே கீழே இறங்கினால் எங்கோ ஓரிடத்தில் நின்று ஒருவரை நம்பித்தான் ஆக வேண்டும்.

அப்படி நம்ப வேண்டிய இடத்தில் என்ன செய்வது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், இணையப் பெயர் அமைப்பின் மூலச் சாவிச் சடங்கு. ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் சரியான முகவரிதான் கிடைக்கிறது என்பதற்கான மின்கையொப்பச் சங்கிலியின் உச்சியில் ஒரு சாவி இருக்கிறது. அதை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அமெரிக்காவில் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது: விர்ஜீனியாவின் கல்ப்பெப்பர், கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோ. 2010 ஜூனில் முதற்சடங்கு நடந்தது. பொதுவாக ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும். ஐகான் ஊழியர்கள் அல்லாத, பல நாடுகளைச் சேர்ந்த எழுவர் ஒவ்வோர் இடத்துக்கும் பொறுப்பாளர்கள். அவர்களில் மூவராவது நேரில் வந்து தங்கள் பெட்டிச் சாவியால் ஸ்மார்ட் அட்டைகளை எடுத்துக் கொடுக்காமல் இயந்திரம் இயங்காது. ஒவ்வோர் அடியையும் எழுதிவைத்த வரிசைப்படி உரக்கச் சொல்லிச் செய்வார்கள். நிகழ்வு இணையத்தில் நேரலையாகப் போகும். கோயில் உண்டியலைத் தனியாக ஒருவர் திறக்காமல், அதிகாரிகளும் அறங்காவலர்களும் பக்தர்களும் பார்க்கத் திறந்து எண்ணுவதைக் கண்டவர்களுக்கு இதில் புதுமை ஏதும் தெரியாது.

2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவில் ஒரு கூத்து நடந்தது. பெட்டகம் ஒன்றின் பூட்டு, வழக்கமான பராமரிப்பின்போது பழுதாகித் திறக்க மறுத்துவிட்டது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் காத்திருக்க, பூட்டுத் தொழிலாளி வந்து துளையிட்டுத் திறந்த பிறகு, சில நாள் தாமதமாகச் சடங்கு நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பெருந்தொற்றால் பொறுப்பாளர்கள் பயணம் செய்ய முடியாமல் போனது. தங்கள் சாவிகளை, பிரித்தால் தெரிந்துவிடும் பைகளில் இட்டு முன்கூட்டியே அனுப்பிவிட்டு, தொலைவிலிருந்து பார்த்தார்கள். மூன்று மாதங்களுக்கு இடவேண்டிய கையொப்பங்களை ஒன்பது மாதங்களுக்குச் சேர்த்து இட்டார்கள். விதியைத் தளர்த்தினார்கள் என்பது உண்மை. ஆனால் எதைத் தளர்த்துகிறோம், ஏன் தளர்த்துகிறோம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தளர்த்தினார்கள். பூட்டு உடைந்ததும் வெளியே தெரிந்தது, விதி வளைந்ததும் வெளியே தெரிந்தது என்பதால்தான் அந்தச் சாவியை நான் நம்புகிறேன்.

எக்ஸ்-இசட்டுக்குப் பிறகு, பங்களிப்பவர்கள் எல்லோரிடமும் பாஸ்போர்ட் கேட்கலாமே என்ற யோசனையைப் பலர் சொன்னார்கள். டெபியனில் நேரில் சந்தித்து அரசு அடையாள அட்டையைப் பார்த்து ஒருவரின் மின்சாவிக்கு மற்றவர் கையொப்பமிடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 2011-இல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்ததைக் கண்டறிந்த பிறகு, அங்கும் அதைப்போன்ற சான்றுச் சங்கிலியைக் கட்டினார்கள். இதற்குப் பயன் உண்டு. ஆனால் இரண்டரை ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருக்கும் வசதி படைத்தவர்களுக்கு ஒரு பாஸ்போர்ட் வாங்குவது பெரிய காரியமா? ஜியா டான் யார், ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. அதோடு, தன் நாட்டில் சொந்தப் பெயரில் எழுத முடியாத நல்ல நிரலாளர்களை இந்த விதி வெளியே தள்ளிவிடும்.

தண்டனைக்கும் இதே வரம்பு உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலுக்கு வேண்டுமென்றே பழுதுள்ள திருத்தங்களை அனுப்பிச் சோதித்த விவகாரம் 2021-இல் வெடித்தபோது, கெர்னல் பராமரிப்பாளர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்பையே நிறுத்திவைத்து, பழைய திருத்தங்களையெல்லாம் மறுபடி பார்க்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்துக்கு இழக்க ஒரு பெயர் இருந்தது, ஆகவே அந்த அடி உறைத்தது. ஜியா டானுக்கு உறைக்காது. அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடலாம். எனவே ஆளைச் சோதிப்பதைவிட, எந்த ஆளாக இருந்தாலும் தனியாகச் செய்ய முடியாதபடி வேலையை அமைப்பதிலேயே பலன் அதிகம். வெளியீட்டுப் பொதியை மனிதர் கையால் கட்டாமல், களஞ்சியத்திலிருந்து இயந்திரமே கட்டட்டும். அதே மூலத்திலிருந்து வேறு வேறு இடங்களில் கட்டினாலும் பிட் மாறாமல் ஒன்றேபோல் வருகிறதா என்று பலரும் ஒப்பிடட்டும். டெபியன் 2013 முதல் இந்தப் பிந்தைய வேலையைப் பொறுமையாகச் செய்துவருகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால், களஞ்சியத்தில் இல்லாத வரிகள் பொதிக்குள் இருக்கும் வித்தை பெரும்பாலும் நின்றுவிடும். ஓப்பன்-எஸ்எஸ்ஹெச் குழுவும், அந்தத் தேவையற்ற சங்கிலி வேண்டியதில்லாதபடி, சிஸ்டம்-டி-க்குத் தகவல் சொல்லும் சிறு வசதியை 2024-இல் தானே எழுதிச் சேர்த்துவிட்டது.

உங்கள் அலுவலகத்தில் தொடங்க வேண்டுமென்றால், உங்கள் மென்பொருள் சார்ந்திருக்கும் நூலகங்களில் எவையெல்லாம் ஒரே ஒருவர் கையில் இருக்கின்றன என்று ஒரு மதிய நேரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணியபோது கிடைத்த விடை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அவற்றில் இரண்டு நூலகங்களுக்கு, எங்களுக்கென்று வைத்திருந்த திருத்தங்களை ஒழுங்காக எழுதி அனுப்பினோம். வாரத்தில் அரைநாள் அவற்றின் பிழைப் பட்டியலைப் பார்க்க ஒருவரை ஒதுக்கினோம். நிர்வாகத்திடம் இதைப் பாதுகாப்புச் செலவு என்று சொல்லித்தான் ஒப்புதல் வாங்க முடிந்தது. தானம் என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்காது. புதிதாக உதவ வருபவர்களையெல்லாம் ஜியா டானாகப் பார்க்கும் மனநிலை மட்டும் வேண்டாம். அது பழைய பராமரிப்பாளரை மறுபடியும் தனியாளாக்கும். தாக்க வருபவருக்கு வேண்டியதும் அதுவே.

லஸ்ஸே காலின் இணையத்தைவிட்டுச் சற்று விலகியிருந்த நாள்களில் இது வெடித்தது. திரும்பி வந்தவர் திட்டத்தை விட்டு ஓடிவிடவில்லை. அறிவிப்பு வந்த மறுநாள், மார்ச் 30 அன்றே, லேண்ட்லாக் சோதனை நாசப்படுத்தப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். பிறகு வாரக்கணக்கில் பழைய மாற்றங்களைச் சலித்துப் பார்த்து, பின்கதவு நீக்கிய 5.6.2 பதிப்பை மே 29 அன்று வெளியிட்டார். முதலில் அவர் எடுத்துப்போட்டது அந்த ஒற்றைப் புள்ளியை.